மாங்காய்த் தட்டு

“இந்த மாசமாச்சும் தள்ளிப்போச்சாடி?” என்று மாமியார் பூமாலை கேட்ட நாளிலிருந்து, மாதம் பிறந்தாலே வேம்புவுக்குப் பயம். போன வருஷம் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி சத்யப்பிரியாவுக்கோ வயிறு மேடிட்டுவிட்டது.

“புள்ளத்தாச்சிக்கு மாங்கா நறுக்கு. வளைகாப்புல நீ வளையல் போட வேணாம், அடுப்படியிலேயே இரு” என்றாள் பூமாலை.

வேம்புவுக்கு வயிறெரிந்தது. மாங்காயில் உப்பை அள்ளிக் கொட்டினாள். தட்டோடு அறைக்குப் போனபோது சத்யப்பிரியா குளிக்கப் போயிருந்தாள். பிள்ளையின் படத்தையாவது பார்ப்போமென்று, அவள் பீரோவிலிருந்த அரியலூர் ஸ்கேன் கவரைப் பிரித்தாள்.

கரு இல்லை, கர்ப்பப்பையில் கட்டி என்றிருந்தது. தேதி, மூன்று மாதத்துக்கு முந்தையது.

ஈரத்தலையோடு சத்யப்பிரியா வந்து நின்றாள். “அவங்களா நெனச்சுக்கிட்டாங்கக்கா. சொன்னா என்னையும் அடுப்படியில உக்கார வெச்சிருவாங்க.”

“அங்க என்னடி பேச்சு?” என்றபடி பூமாலை உள்ளே வந்தாள்.

வேம்பு கவரை முந்தானையில் மறைத்தாள். மாங்காய்த் தட்டை ஓரகத்தியின் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.