இழுத்து விட்ட படங்கள்

திருக்கடையூர் போட்டோ ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் ஆல்பம் தயாரிக்கும் வானதியை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் தமிழரசனே உட்கார்ந்துகொண்டார். அவருடைய அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண ஆல்பம் அன்று அச்சுக்குப் போகவேண்டும்.

"என் தங்கச்சி இருக்கிற படம் ஒண்ணுகூட வரக்கூடாது. வேற சாதியில கட்டிக்கிட்டுப் போனவ, கூப்பிடாமலே வந்து நின்னா. அத்தனையையும் என் பென்டிரைவுக்கு மாத்திடறேன்."

"கட் பண்ணி பேஸ்ட் பண்ணிடுங்க சார்."

"எனக்கே சொல்லித்தர்றியா? இழுத்து விடத் தெரியாதா எனக்கு?"

இழுத்தார். பாதி வழியில் விரல் நழுவ, படங்கள் பழைய இடத்துக்கே ஓடின. "என்ன மவுஸ் வச்சிருக்கீங்க!" என்று மேசையைத் தட்டினார். மறுபடி இழுத்தார். ஒருவழியாக எல்லாம் பென்டிரைவில் வந்து நின்றதும், அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மிச்சத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பு. எதையும் தொடாதே."

வானதி எதையும் தொடவில்லை.

ஆல்பம் வீடு போய்ச் சேர்ந்த அன்று போன் அலறியது.

"பக்கத்துக்குப் பக்கம் அவதான் நிக்கிறா! அம்மா ஆல்பத்தைக் கீழேயே வைக்க மாட்டேங்கிறாங்க. அதையெல்லாம் நான்தான் எடுத்துட்டேனே?"

"பென்டிரைவுக்கு இழுத்து விட்டா நகல்தான் சார் போகும். அசல் இங்கேயேதான் இருக்கும்."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஒருதடவை சொல்ல வந்தேன், வாயை அடைச்சீங்க. மறுபடி சொல்ல மனசு வரல," என்றாள் வானதி. "நானும் உங்க தங்கச்சி மாதிரி கட்டிக்கிட்டுப் போனவதான் சார். எங்க வீட்டு ஆல்பத்துலேருந்து என்னை எடுத்தப்ப, இப்படி விட்டுவைக்க அந்த ஸ்டுடியோவுல நான் இல்லாமப் போயிட்டேன்."