வரிசையின் கடைசியில்

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பழங்கால உடுப்பில் ஆடும் விழா. பழைய நடனக்கூடத்தின் உயர்ந்த சன்னல்கள் வழியே மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. பிடில்கள் ஓய, ஜோடி மாறி மாறி ஆடியவர்கள் நிற்கிறார்கள். வரிசையின் கடைசியில் டாம்சினுக்கு எதிரே, போன வசந்தத்தில் அவளை விட்டு வேறொருத்தியோடு போன கணவன் டங்கன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய மோஸ்தரில் அவள் கையாலேயே தைத்த வெள்ளை கவுன் வியர்வையில் ஒட்டுகிறது. அவன் போட்டிருக்கும் நீலக் கோட்டும் அவள் தைத்ததுதான். “பொத்தான் தொங்குது” என்கிறாள். “தெரியும்.” “அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா?” “இதெல்லாம் அவளுக்குக் கூத்து. வர மாட்டேன்னுட்டா.” டாம்சினுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிடுகிறது. இடுப்புப் பட்டியில் செருகியிருந்த, நூல் கோத்த ஊசியை எடுக்கிறாள். அவள் தைக்க வசதியாக, அவன் பழக்கதோஷத்தில் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவள் அந்த மோவாயையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு ஊசியை அவன் கோட்டு மடிப்பில் குத்திவிட்டு, “நீயே தச்சுக்க, டங்கன். எனக்குக் கை வலிக்குது” என்கிறாள். பிடில்கள் மறுபடி எழுகின்றன. ஆட்ட முறைப்படி அவன் கை நீட்டுகிறான். அவள் பிடித்துக்கொள்கிறாள், ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்தவனிடம் போகிறாள்.