ஐப்பசியில் புல்லுக்குத் தண்ணீர்

கொட்டுகிற மழையில் குடை பிடித்து நின்றபடி, தன் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவர் கடலூரில் வைத்திலிங்கம் ஒருவராகத்தான் இருப்பார்.

வானத்துத் தண்ணீரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் புல்லுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்க்ளரைப் பற்றி.

மகன் ஜெயப்பிரகாஷ் கனடாவுக்குப் போகும் முன் பதித்துக் கொடுத்த புல் அது. தண்ணீரை மட்டும் தன் செல்போனில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அங்கே அமுக்கினால் இங்கே பீய்ச்சும். தினமும் காலையில், பால்காரர் போன கையோடு. சில நாள் சற்றுப் பிந்தும். கடல் தாண்டி வர வேண்டாமா என்பார் வைத்திலிங்கம்.

வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பி வந்துவிடச் சொன்னான் மகன். இவர் முடியாது என்றார். பேச்சு தடித்து, ஆடி மாதத்தோடு போன் நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

கத்திரி வெயிலில் மண்புழுக்கள் படியேறி வந்து மோர் கேட்ட வருஷம் இது. அப்போது புல்லைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர். ஐப்பசி பிறந்ததும் கதை மாறிவிட்டது. மழையும் பெய்து ஸ்பிரிங்க்ளரும் பெய்தால் வேர் பாவம் என்ன செய்யும்? ஓரமெல்லாம் மஞ்சளித்தது. தவளைகள் மேட்டில் வேறு இடம் பார்த்துக் குடி போயின.

மழை முடிகிற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். மகன் பேச்சை நடுவில் வெட்ட அவருக்கு மனசு வரவில்லை.

நேற்றுத்தான் பக்கத்து வீட்டு ராபர்ட் சிரித்துக்கொண்டே சொன்னான். “மாமா, அது டைமரு. ஒரு வாட்டி செட் பண்ணிட்டா தானா ஓடும். ஒங்க பையன் அத மறந்தே போயிருப்பாரு.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவன், சிரிப்பை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இன்று விடிந்ததிலிருந்து அடைமழை. புயல் சின்னம் என்றால் கடலூர் பெயர் கனடா வரைக்கும் ஓடும். மெஷினுக்கு மழை தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். தண்ணீர் வந்தால் டைமர். வராவிட்டால் ஜெயப்பிரகாஷ்.

பால்காரர் போனார்.

கரண்ட் போயிருந்தால் சாக்குச் சொல்லலாம். மழையின் முதல் தூறலிலேயே ஓடிப்போகிற கரண்ட், இன்று பார்த்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ராபர்ட் பின்பக்கமாக வந்து குடைக்குள் பாதி நுழைந்தான். அவன் செருப்பில் செஞ்சேறு அப்பியிருந்தது. வைத்திலிங்கத்தின் செருப்பிலும் அதே சேறு. இரண்டு பேரும் கீழே பார்க்கவில்லை.

ஸ்பிரிங்க்ளர் வாயைத் திறக்கவில்லை.

நேரம் போனது. சொட்டு இல்லை.

“மழைன்னு பாத்திருக்காரு மாமா. அதான் நிறுத்திட்டாரு. நான் சொன்னதுதான் தப்பு,” என்றான் ராபர்ட், ஸ்பிரிங்க்ளரையே பார்த்துக்கொண்டு.

“அவன் சின்ன வயசுலயே மழைய மோந்து பாத்துச் சொல்லுவான்டா,” என்றார் வைத்திலிங்கம்.

ராபர்ட் தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் போனதும் வைத்திலிங்கம் கொல்லைப்பக்கம் நடந்தார். மோட்டாருக்குப் பக்கத்தில், செஞ்சேற்றுக்கு நடுவே, ஸ்பிரிங்க்ளருக்குப் போகிற குழாயின் வால்வு. விடிந்ததும் விடியாததுமாக வந்து அதைத் திருகி வைத்தவர் அவர்தான். முடக்குவாதக் கை, பாதி மூடுவதற்குள் விரல் மறுத்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் அவ்வளவு நேரம் குடையடியில் வேண்டுதல். சொட்டுக்கூட வராதது அவருக்கே ஆச்சரியம்.

வால்வைத் தொட்டுத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பார்த்தார். வலுவுள்ள கை ஒன்று அதைக் கடைசி வரை இறுக்கிவிட்டுப் போயிருந்தது.

மதிலுக்கு அந்தப்பக்கம் ராபர்ட் குழாயடியில் செருப்பைக் கழுவுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வந்து திறந்து கொடுப்பான்.

கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் புல்லுக்குத் தண்ணீர் ஆகாது. தை முடிந்து, பனி விட்டு, மண் காய ஆரம்பித்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் ஜெயப்பிரகாஷ் தினமும் மறக்காமல் நிறுத்திக்கொண்டிருப்பான்.