மூச்சு எடுக்கும் இடம்

அவர் கையைத் தூக்கினார்.

கொயர் வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை.

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ், நான்கு குரல் வரிசையும் வாயை மட்டும் அசைத்தன. சர்ச் மின்விசிறி கிறீச்சிடுவதுதான் கேட்டது. அவருக்கு அதுவும் கேட்டிருக்காது.

அவர் கைகள் அழகாகப் போய்க்கொண்டிருந்தன.

பியானோ முன்னால் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாட்டில் பியானோவுக்கு வேலை கிடையாது. முதல் சுருதியைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

பிரேசில் நாட்டுப் பாட்டு. மீன்பிடிக்கிறவர்கள் ஆற்றைப் பார்த்துப் பாடுவது. போர்த்துகீசிய வார்த்தைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்து, ஜலதோஷம் பிடித்தவர்கள் மாதிரி மூக்கால் பாட வைப்பதற்குள் அண்ணனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த வாரம் சென்னையில் போட்டி.

அண்ணனுக்குக் காது போய் இரண்டு வருஷம். பேச்சை உதடு பார்த்துப் புரிந்துகொள்வார். அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவர் கை கொயரிடம் இருக்கும், கண் அவளிடம் இருக்கும். அவள் உள்ளங்கையைக் கவிழ்த்தால் சுருதி இறங்குகிறது. ஒரு விரலைத் தூக்கினால் ஆல்டோ அதிகம். அவர் உடனே திருத்துவார். மனுஷனுக்கு என்ன காது என்று எல்லோரும் வியப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் டெனர் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

அவன் நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றான். அண்ணன் அகப்பட்டுக்கொண்டால் சென்னை மேடையில் கை காட்டுவது அவள்தான் என்று கொயர் பேசி முடித்தது. சரி என்றாள். இத்தனை நாள் காதாக இருந்தவளுக்கு ஒரு நாள் கையாக இருக்க ஆசை. ஆசைதான், வேறென்ன.

இரண்டாவது அடி முடியும் இடத்தில் எல்லோரும் மூச்சு எடுக்க வேண்டும். அண்ணன் இடது கையை லேசாக உயர்த்தினார்.

ஒருவரும் எடுக்கவில்லை.

பாடாதவர்களுக்கு மூச்சு எதற்கு? மூச்சையும் நடிக்க வேண்டும் என்பதை அவர்கள் யோசிக்க மறந்துவிட்டார்கள்.

அண்ணனின் நெற்றி சுருங்கியது. ஒரு தோள்கூட ஏறவில்லையே என்று வரிசை வரிசையாகப் பார்த்தார்.

பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவர் பாட்டை நிறுத்தியிருப்பார். மானம் தப்பியிருக்கும்.

அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

அண்ணனின் முகம் தெளிந்தது. தன் கண்ணைவிட அவளை நம்பினார்.

“ஆல்டோ, கொஞ்சம் கொறச்சிப் பாடுங்க” என்றார்.

பாஸ் வரிசையில் ஒருவர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோயில்பிள்ளை சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, முடிந்தது என்பதுபோல் தலையசைத்தான்.

கைகள் நின்றன. அண்ணனுக்குத் திருப்தி. போட்டிக்கு முன்னால் ஒரு தடவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது அவர் வழக்கம். காது போன பிறகும் அதை விடவில்லை.

“நீ கையக் காட்டு. நான் பின்னால போயி கேக்கேன்.”

நடந்து போய் உட்கார்ந்தார்.

அவள் கையைத் தூக்கினாள்.

இந்த முறை பாடினார்கள். அவளுக்காகப் பாடினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

இரண்டாவது அடி முடிந்தது. இடது கையை லேசாக உயர்த்தினாள்.

நான்கு வரிசையிலும் தோள்கள் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

பாட்டு முடிந்து அவள் திரும்பினாள்.

அண்ணன் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து நான்கு வரிசையின் தோள்களும் நன்றாகத் தெரியும். பார்வை அவள்மேல் இருந்தது.

ஒரு விரலைத் தூக்கினார்.