சிலேட்டில் ஒரு சொல்

யுத்தம் தொடங்கிய வருஷம். கற்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் எமிலியானா ரீச்சர், இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றாகவே வாசிக்கும் சொற்களை எழுதச் சொன்னாள். அவள் கணவன் பிரகாசமும் கூட்டாளி வஸ்தியானும் கடலுக்குப் போய் மூன்று நாளாகத் திரும்பவில்லை. அன்று பள்ளி விட்டதும் அவள் தம்பி தோணியில் அவர்களைத் தேடப் போவதாக இருந்தான்.

பிள்ளைகள் 'திகதி', 'கைரேகை' என்று எழுதினார்கள். போன கிழமைதான் ஊருக்கு வந்த பொலோனியாவின் சிலேட்டில் 'தேடாதே' என்றிருந்தது.

"சரியான சொல்லுதான். ஆர் சொல்லித் தந்தது?"

"கரையில நிண்ட மாமா. ரீச்சரிட்டக் காட்டச் சொன்னவர். உடுப்பெல்லாம் ஒரே ஈரம்."

 கணவன் இனி இல்லை, அவன் ஆவிதான் வந்து சொல்லியிருக்கிறது என்றே எமிலியானா நினைத்தாள். கரைக்கு ஓடி, தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுது, தோணியை இறக்கவிடாமல் தடுத்தாள். சற்று நேரத்தில் எழுந்த புயல் கரையில் கிடந்த தோணிகளையே புரட்டிப் போட்டது.

மறுநாள் காலை பிரகாசம் உயிரோடு வந்து நின்றான். புயலுக்கு முன்பே ஒரு சரக்குத் தோணி அவனை ஏற்றிக்கொண்டதாம்.

எமிலியானா பொலோனியாவை அழைத்து வந்தாள்.

"இவர்தானே சொன்னவர்?"

"இல்ல ரீச்சர். அவருக்குத் தாடி."

பிரகாசம் மணலில் குந்திவிட்டான்.

"வஸ்தியானுக்குத்தான் தாடி. அவன் கடலுக்குப் போன முதல் நாளே தாண்டு செத்துப்போனானே..."