முதல் வரிசையில் சாம்பல் நாரை

ஞாயிறு பிற்பகல் வெயில் பூயெப்லா நகர மல்யுத்த அரங்கின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மேடையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. முதல் வரிசையில் எவரிஸ்தோ வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சாம்பல் நாரை என்ற பெயரில், முகமூடி போட்டு, இதே மேடையில் மோதிய மனிதர். இப்போது பெயரும் முகமூடியும் மகனுடையவை. முகமூடிக்காரனின் முகத்தை ஊர் அறியக் கூடாது என்பது தொழில் கட்டுப்பாடு. அதனால் பக்கத்தில் உப்பிட்ட பூசணி விதை கொறிக்கும் எதுவிகேஸ் அம்மாளுக்கு அவரைத் தெரியாது. “நாரை! நாரை!” என்று அரங்கம் அலறுகிறது. ஒவ்வொரு கைதட்டலும் தன்னிடமிருந்து பிடுங்கியதுபோல் அவருக்கு எரிகிறது. “அப்பன்காரன் இவன் கால்தூசுக்கு வருவானாய்யா? பாதி நேரம் கயித்தப் புடிச்சு மூச்சு வாங்குவான்!” என்கிறாள் அவள். “அவனும் நல்லாத்தாம்மா ஆடுனான்.” “நீங்க எங்க பாத்தீங்க!” அந்த நேரம் எதிராளி தூக்கி எறிய, மகன் கயிற்றைத் தாண்டி அவர் காலடியில் விழுகிறான். முகமூடி திருகி, கண் துளைகள் காதுப்பக்கம் போய்விட்டன. கண் தெரியாமல் காற்றைத் துழாவுகிறான். மேலிருந்து குதிக்க எதிராளி கயிற்றில் ஏறுகிறான். ஒரு தடவை தோற்கட்டுமே என்று எவரிஸ்தோவின் கை மடியிலேயே கிடக்கிறது. பிறகு, கடவுள் தொட்டு எழுப்பியதுபோல் அது நீண்டு, துணியை மெல்லத் திருப்பி, துளைகளைக் கண்களுக்கு நேரே வைக்கிறது. மகன் உருண்டு தப்புகிறான். எதிராளி வெறுந்தரையில் விழ, அரங்கமே எழுந்து நிற்கிறது. எதுவிகேஸ் அம்மாள் உப்பு விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். “நாரையத் தொட்ட கைய்யா இது! குடுங்க, நானும் ஒருதரம் தொட்டுக்கிறேன்.” அவர் கொடுக்கிறார்.