குட் நைட் ஸ்டிக்கர்

எதிர் சீட்டுப் பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பால்ச்சாமி கவனித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பழகிப்போனதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், மில்லில் ஷிப்ட் முடிந்து டவுன் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கியவரை எவனோ படம் பிடித்து, கீழே ‘குட் நைட்’ என்று எழுதி வாட்ஸப்பில் விட்டுவிட்டான். இராஜபாளையத்தில் பாதிப் பேர் இப்போது அவர் முகத்தை அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

நேற்று, மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பாவே, படத்தில் இருப்பது யாரென்று கவனிக்காமல் அதை அவருக்கே அனுப்பியிருந்தார்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலைப் பார்த்துக் கேஸ் போட இந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“சிரிப்பாணியா இருக்கோ? கேஸ் போடத்தான் போயிக்கிட்டிருக்கேன்,” என்றார்.

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. நானும் இதே கேசுக்குத்தான் போறேன்.”

அவள் பெயர் பரிபூரணம். பஸ் ஸ்டாண்டில் பேரப்பிள்ளை மட்டும் ஏறியதும் பஸ் நகர்ந்துவிட்டது. கொண்டை அவிழ, ஒற்றைச் செருப்போடு, கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறாள். அதை ஒருவன் படம் எடுத்து, ‘நானும் வாரேன்’ என்று எழுதி விட்டிருக்கிறான்.

பால்ச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“புள்ள அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஊரு சிரிக்குது. எடுத்தவன் யாருன்னு தெரியல, அனுப்புனவன விடுவனா? மருமக அவ மில்லு குரூப்புல பாத்து அம்புட்டு பேரையும் எழுதிக் குடுத்திருக்கா.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். செத்த வாசிச்சுச் சொல்லுங்க, எழுத்து வெளங்குதான்னு.”

“சங்கரலிங்கம்,” என்று வாசித்தார். “முத்துவீரன்.”

மூன்றாவது பெயரில் நின்றார்.

தாண்டிப் போயிருக்கலாம். கண்ணாடி இல்லாதவளுக்குத் தெரியவா போகிறது?

“என்ன அண்ணாச்சி, வெளங்கலயா?”

“வெளங்குது. பால்ச்சாமி.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“இனிஷியல் விட்டுப்போச்சு. எழுதிருதேன்.”